இரும்பு அதிகம் என்று நான் சொன்னது

எங்கள் தெருவுக்கு ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் அது கடைசியில் என் கைக்குத்தான் வரும். பேங்க் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஃப்ரிட்ஜோடு வரும் புத்தகம், எல்லாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதை நான் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. அம்மா சொல்லிக்கொண்டு திரிவாள். நான் பக்கத்தில் நின்று மறுக்காமல் இருப்பேன்.

தாள் படிப்பதில் எனக்கு ஒரே ஒரு கொள்கை. 'தெரியவில்லை' என்று சொல்லக்கூடாது. ஒரு முறை சொல்லிவிட்டால் அடுத்த தாள் பின்தெருவில் நர்சிங் படிக்கும் பெண்ணிடம் போய்விடும்.

அம்மா ஆட்டோ ஓட்டுகிறாள். ஆட்டோ ஓட்டுவதற்கும் எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று விதி இருந்த காலமெல்லாம் அவள் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விதியை எடுத்துவிட்டார்கள் என்று நான் படித்துச் சொன்ன வாரமே லைசென்ஸுக்கு அலைய ஆரம்பித்தாள். இப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓரிக்கைக்கு ஷேர் ஆட்டோ. நடுவில் பட்டு எடுக்க வருகிறவர்களும் கோயில் சுற்ற வருகிறவர்களும் கிடைத்தால் தனிச் சவாரி. வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் தூங்குவாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை, அப்பாவின் தம்பியைத் தவிர. சித்தப்பா வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் வண்டியைத்தான் நலம் விசாரிப்பார்.

போன ஆடி மாதத்திலிருந்து அம்மாவுக்கு பக்தி கூடிப்போனது என்று நாங்கள் நினைத்தோம். சிவன் கோயில் வாசலில் சவாரியை இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பி வருவதற்குள் இவளும் உள்ளே ஒரு நடை போய்விட்டு வருவாள். வரும்போது கை நிறைய திருநீறு. நெற்றிக்கு ஒரு கீற்று, மிச்சமெல்லாம் வாய்க்கு. வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றுக் கிண்ணம் நாலு நாளைக்கு ஒரு தடவை காலியானது. சின்ன காஞ்சிப் பக்கம் பெருமாள் கோயில் சவாரி வந்தால் மட்டும் அவள் முகம் வாடும். அங்கே துளசியும் தீர்த்தமும்தானே தருவார்கள்.

"உங்கம்மா போற போக்கப் பாத்தா சாமியாரா பூடுவா பாப்பா," என்றார் அப்பா. அவர் கட்டட வேலை மேஸ்திரி. "வண்டிக்குக் காவி பெயின்ட் அடிச்சிடப் போறா, பாத்துக்கினே இரு."

பக்தியோடு களைப்பும் கூடியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். சாப்பிட்டுக் கைகழுவப் போனவள் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள். அப்புறம் ஒரு நாள் ஓரிக்கை ரோட்டில் தலை சுற்றியது. நல்ல வேளையாக, சுற்றப் போகிறது என்று தெரிந்ததுமே வண்டியை ஓரம் கட்டிவிட்டாள். வண்டியில் இருந்தது கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு ஆந்திரக் குடும்பம். அந்த அம்மாள் "ஏமைந்தம்மா, ஏமைந்தி" என்று பதறி, இவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, தாங்கள் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்து ஊட்டியிருக்கிறாள். வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து, தானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று பத்து நிமிடம் முயற்சி செய்து, வைப்பரைப் போட்டுவிட்டு அணைக்கத் தெரியாமல் இறங்கிவிட்டார்.

அம்மா இதை வீட்டில் சிரிப்புக் கதையாகச் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி தலை சுத்துச்சுன்னா சாவி தம்பி கைக்குப் போவும். ஜனங்கள ஏத்திக்கினு போற வண்டி. சொல்லிட்டேன்."

"ஒரு நாள் வெயிலு. அதுக்கு இன்னா இப்ப?" என்றாள் அம்மா. ஆனால் அவள் கை இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், இரும்புச் சத்து குறைவாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தன்னிடம் வர வேண்டும் என்றார்.

நடுவில் ஐந்து நாள் இருந்தது. அம்மா அந்த ஐந்து நாளும் தயாரானாள். பீட்ரூட், பேரீச்சம்பழம், மாதுளை, இரண்டு வேளையும் முருங்கைக்கீரை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெற்ற மகள் பரீட்சைக்குப் படித்ததை இத்தனை வருடம் பார்த்ததன் பலன் என்று நினைத்தேன்.

ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில். எதிர்வீட்டு அத்தையும் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். நான் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு படித்தேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அளவு, கீழ் வரம்பு, மேல் வரம்பு. தினமும் பார்ப்பது இதைத்தான். அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 9.8, குறைவு. சீரம் அயர்ன் 192, அதிகம். அதற்குக் கீழே டிஐபிசி என்று ஒன்று, 478, அதிகம். விரித்து எழுதியதிலும் அயர்ன் என்ற சொல் இருந்தது. கடைசியில் ஃபெரிட்டின் 5, குறைவு.

ஃபெரிட்டின் என்பதை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

"அது இன்னா பாப்பா கடைசில?" என்றார் எதிர்வீட்டு அத்தை.

"அது ஒரு வைட்டமின், அத்தை," என்றேன்.

அப்புறம் தீர்ப்பைச் சொன்னேன். இரும்பு என்று வரும் இரண்டு இடத்திலும் மேல் வரம்பைத் தாண்டியிருக்கிறது. ஆகவே அம்மாவுக்கு உடம்பில் இரும்பு அதிகம். அதனால்தான் மயக்கம்.

"இரும்பு கம்மின்னுதானே டாக்டரம்மா சொன்ன மாதிரி இருந்துச்சு?" என்றாள் அம்மா.

"அவங்க டெஸ்டுக்கு முன்னாடி சொன்னாங்க. இது டெஸ்டுக்கு அப்புறம்."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "கம்பி கட்டுற எடத்துல இத்தன வருசம் சித்தாளா இருந்தா. ஏறாம இன்னா பண்ணும்?" என்றார். எதிர்வீட்டு அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்டோ ஹேண்டில் பாரை நாளெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளங்கை வழியாக இரும்பு இறங்கும் என்றார். நான் அதை மறுக்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை.

"ரிப்போர்ட்ட எடுத்துக்கினு வரச் சொன்னாங்களேம்மா?" என்றாள் அம்மா.

"தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கு அரை நாள் அங்க போய் உக்காரணும்?" என்றேன்.

அன்று மாலையே நடவடிக்கை எடுத்தேன். முருங்கைக்கீரை நிறுத்தம். பேரீச்சம்பழ டப்பா என் அலமாரிக்குப் போனது, காலியாவதற்கு. இரும்பு தோசைக்கல்லைப் பரண்மேல் ஏற்றிவிட்டு நான்ஸ்டிக் தவா வாங்கினேன். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது என்று போனில் படித்தேன். அது உண்மைதான், அதுதான் கொடுமை. மூன்று வேளையும் சாப்பிட்டு எழுந்ததும் அம்மாவுக்கு என் கையால் ஒரு தம்ளர் கடுந்தேநீர் கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். படித்த மகள் போட்ட டீ அல்லவா.

செய்தி தெருவில் பரவியது. எதிர்வீட்டு அத்தைக்கும் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல் இருந்ததால் அவரும் கீரையை விட்டார். மூலை வீட்டு அக்காவும் விட்டார். எங்கள் தெருவில் ஒரே ஒரு முருங்கை மரம்தான். கீரைக்காக ஆள்மேல் ஆள் வந்து ஒடிக்கும் மரம். அந்தப் பத்து நாளில் அது தழைத்துச் சாய்ந்து, கேபிள் ஒயர்மேல் படுத்துவிட்டது.

பதினோராம் நாள். அம்மா காலையில் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சித்தப்பா டீ குடிக்க வந்தவர், "அண்ணி, பின் டயர்ல காத்து கம்மியா இருக்குது பாரு," என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அம்மா டயரைப் பார்க்கக் குனிந்தாள். நிமிரும்போது கையில் இருந்த மக்கு கீழே விழுந்தது. அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சரிந்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா ஓடி வந்தார். தண்ணீர் கொடுத்தார், தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவள் கண் திறந்து "ஒண்ணும் இல்ல" என்றதும், அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார்.

சித்தப்பா அதை எதிர்பார்த்து எத்தனை நாள் இருந்தாரோ, கையில் வந்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "நான் கேக்கல அண்ணி. அண்ணன்தான் குடுத்தாரு. நீயே பாத்தியே," என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். ஈரப் புடவையோடு உள்ளே வந்து உட்கார்ந்து, "பாப்பா, அந்தப் பேப்பர டாக்டரம்மாவும் ஒரு வாட்டி படிக்கட்டும்மா," என்றாள். அந்த 'உம்'மைக் கேட்டதும் போனில் இருந்த ரிப்போர்ட்டை அச்செடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பத்து நாள் முன்னாடியே வந்திருக்கு. ஏன் வரல?" என்றார்.

"இரும்பு அதிகம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"யார் சொன்னது?"

அம்மா கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தான் சொன்னேன், டாக்டர். டிஐபிசி மேல் வரம்பைத் தாண்டியிருக்கே."

"அது இரும்போட அளவு இல்லம்மா. ரத்தத்துல இரும்பை ஏத்திக்க எவ்வளவு இடம் இருக்குங்கற அளவு. உடம்புல இரும்பு இல்லன்னா அந்த இடம் ஜாஸ்தியாகும்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. அதிகம் என்று அச்சடித்திருப்பது எப்படிக் குறைவைக் காட்டும் என்று மனசு அடம்பிடித்தது. பக்கத்திலிருந்து அம்மா சொன்னாள்:

"சீட்டு காலியா இருக்குதுன்னு அர்த்தம் பாப்பா. ஆளு ஏறலன்னா சீட்டு காலியாத்தானே இருக்கும்? பத்து சீட்டு காலின்னா வண்டி ஃபுல்லுன்னு சொல்லுவியா நீ?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைவிட நான் நல்லா சொல்ல முடியாதும்மா," என்றார் அம்மாவைப் பார்த்து. அப்புறம் என் பக்கம் திரும்பி, "முக்கியமானது ஃபெரிட்டின். உடம்பு சேத்து வச்சிருக்கிற இரும்பு. அது அஞ்சு. ஏறக்குறைய ஒண்ணுமே இல்ல. அத நீ பாக்கலையா?" என்றார்.

"பாப்பா அது வைட்டமின்னு சொல்லிச்சு," என்றாள் அம்மா, வெகுளியாக. இந்த முறை காட்டிக்கொடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தார். "ஆனா ஒண்ணு இடிக்குது. இருப்பு இவ்வளவு கம்மியா இருக்கறப்ப சீரம் அயர்ன் மட்டும் எப்படி நூத்தித் தொண்ணூத்திரண்டு? அன்னிக்குக் காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லமா. வெறும் வயித்துல வரச் சொன்னீங்க, வெறும் வயித்துலதான் போனேன்."

"மாத்திரை?"

அம்மா மறுபடி மின்விசிறியைப் பார்த்தாள்.

"அம்மா?" என்றேன்.

"மாத்திர சோறு இல்லையேம்மா. தண்ணிலதானே முழுங்கினேன்."

விஷயம் இதுதான். மூலை வீட்டு அக்காவின் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். அவளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்பு மாத்திரையில் இரண்டை அம்மா கேட்டு வாங்கி, ரத்தம் கொடுக்கப் போகும் முன் முழுங்கியிருக்கிறாள்.

"எதுக்கும்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ரத்த டெஸ்டுன்னா நல்லபடியா வரணும்ல? இதுங்கூட பரீட்சைக்குப் போறப்ப பஸ்ல ஏறுற வரைக்கும் பொஸ்தகத்தப் பாத்துக்கினேதான் போவும்," என்று என்னைக் காட்டினாள். "மார்க்கு கம்மியா வந்தா வீட்டுக்காரரு சாவியப் புடுங்கிடுவாரு. நான் வேற இன்னா பண்றது?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே டோக்கன் கூப்பிடுகிற பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "இது காப்பி அடிச்சு வாங்கின மார்க்கும்மா. சீரம் அயர்ன் காலையில முழுங்கின மாத்திரைக்கே ஏறிடும். ஃபெரிட்டினை அப்படி ஏமாத்த முடியாது. அதுக்கு மாசக்கணக்குல சேரணும்."

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சில கேள்விகள் கேட்டார். பச்சரிசி, ஐஸ், மண், சாம்பல் இப்படி எதையாவது தின்ன ஆசை வருகிறதா?

"அதெல்லாம் இல்லமா," என்றாள் அம்மா.

"திருநீறு," என்றேன் நான்.

"அது சாமி பிரசாதம்டி!"

"ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்றார் டாக்டரம்மா. அம்மா கையைக் குவித்துக் காட்டினாள். இரும்பு குறைந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். அவள் பக்தியில் இப்படி ஒருவர் குறுக்கே வந்ததை அம்மா ரசிக்கவில்லை.

மாதாமாதம் எத்தனை நாள் ரத்தம் போகிறது என்று அடுத்த கேள்வி. அம்மா குரலைத் தாழ்த்தி, பத்து நாள் என்றாள். இரண்டு வருடமாக. ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு அது தெரியாது. தெருவில் உள்ள தாளையெல்லாம் படிக்கிறவள், இதை ஒரு நாளும் கேட்டதில்லை. டாக்டரம்மா அதற்கு ஸ்கேன் எழுதினார். இரும்பு மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு. டீ மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "எவ்ளோ வந்தா வண்டி ஓட்டலாம்?"

"ஹீமோகுளோபின் பதினொண்ணத் தாண்டணும். தலைசுத்தல் சுத்தமா நிக்கணும். அதுவரைக்கும் ஓட்டக்கூடாது."

"பதினொண்ணு," என்று அம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தோசைக்கல்லைப் பரணிலிருந்து இறக்கினேன். பிறகு தெருவில் இறங்கினேன். அதுதான் கஷ்டம். எதிர்வீட்டு அத்தையிடம் போய், நான் சொன்னது தப்பு, கீரை சாப்பிடுங்கள், தலைசுற்றலுக்கு டாக்டரைப் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப அந்த ஃப்ரிட்ஜ் பொஸ்தகம் நீ படிச்சது?"

"அது சரிதான், அத்தை."

"எதுக்கும் இன்னொரு வாட்டி பாத்துடு பாப்பா."

மூலை வீட்டில் இதே பேச்சு மறுபடி. அன்று மாலை ஒரு இன்சூரன்ஸ் கவர் என் வீட்டைத் தாண்டிப் பின்தெருவுக்குப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அடுத்த ஏழு வாரம் சித்தப்பா வண்டி ஓட்டினார். தினமும் இரவு சாப்பிட வந்து ஏதாவது ஒரு குறை சொன்னார். பிரேக் இறுக்கமாக இருக்கிறது, சீட் குள்ளமாக இருக்கிறது, ஓரிக்கை ஆட்கள் அண்ணி எங்கே என்று கேட்டே உயிரை எடுக்கிறார்கள். அம்மா எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொள்வாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. பயப்படும்படி இல்லை என்று சொல்லி அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டை நான் கவரோடு டாக்டரிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பிரித்தேன், பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது பரிசோதனைக்கு முந்தைய நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவைக் காவல் காத்தேன். காலையில் அவள் புடவைத் தலைப்பு, சுருக்குப்பை எல்லாவற்றையும் சோதித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"உன் காலேஜ்லகூட இப்பிடிப் பண்ண மாட்டாங்கடி," என்றாள்.

"அங்க யாரும் மாத்திரை முழுங்கிட்டு வர மாட்டாங்க."

ரிப்போர்ட்டைக் கையோடு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். மூன்று வாரமாக இல்லை என்றாள் அம்மா. ஓட்டலாம் என்றார். அம்மா அதை அப்பாவிடம் தன் வாயால் சொல்ல மறுத்துவிட்டாள். "நீ படி. பேப்பர்ல இருக்கறதப் படி. அவுரு காதால கேக்கட்டும்," என்றாள்.

சித்தப்பா அப்போதுதான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அப்பா வாசலில் இருந்தார். எதிர்வீட்டு அத்தை வெறும் கையோடு வந்து நின்றார். நான் தாளைப் பிரித்தேன்.

"ஹீமோகுளோபின், பதினொண்ணு புள்ளி நாலு."

"டாக்டரும் இதான் சொன்னாங்களா, இல்ல நீ சொல்றியா?" என்றார் அப்பா.

"டாக்டரும் சொன்னாங்கப்பா. ஓட்டலாம்னு கீழ எழுதியே குடுத்திருக்காங்க, பாரு."

அப்பா தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சித்தப்பா சாவியை நீட்டினார். "நல்ல வண்டி அண்ணி," என்றார்.

"டிஐபிசி குறைஞ்சிருக்கு. அதாவது..." என்று நான் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிவிட்டாள்.

"அம்மா, இன்னும் ஃபெரிட்டின் இருக்கு. அது பதினெட்டுதான். அதுதான் முக்கியம்னு சொன்னாங்கல்ல."

வண்டி கிளம்பிவிட்டது. நான் தாளோடு பின்னால் ஓடினேன். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது.

"இருப்பு இன்னும் சேரலம்மா! மூணு மாசம் மாத்திரையை நிறுத்தக் கூடாது! சாப்பிட்ட உடனே டீ குடிக்காத!"

தெருமுனையில் அம்மா வலது கையை வெளியே நீட்டினாள். கேட்டுவிட்டது என்கிறாளா, வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்கிறாளா, தெரியவில்லை. வண்டி வலது பக்கம்தான் திரும்பியது.